எண்ணெய் நான் தருகிறேன்... பயிற்சியை யார் செய்வது?

"ஐயா, வேற எதுவும் வேண்டாம். நல்ல தைலமா ஒண்ணு குடுங்க, தேய்ச்சுக்கிடுதேன். சரியாப் போயிரும்!"

மூட்டு வலி என்று சித்த வைத்தியரைத் தேடி வருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சித்த வைத்தியர் என்றாலே எண்ணெய்க் குப்பி, சூரணப் பொட்டலம் என்றுதானே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம்! நானும் தைலம் கொடுக்கிறேன். உளுந்துத் தைலம், வாத கேசரித் தைலம், நொச்சி இலை ஒத்தடம், மூசாம்பரப் பற்று எல்லாம் என் வைத்தியசாலையில் தினமும் புழங்குகிறவைதான்.

ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன். முழங்கால் வலி, தோள்பட்டை வலி, விளையாட்டில் பட்ட அடி... இவை எதற்குமே எண்ணெய் மட்டும் முழு வைத்தியம் ஆகாது. எண்ணெய் வலியைத் தணிக்கும். ஆனால் மூட்டைத் தாங்கி நிற்கிற தசைக்குப் பலம் ஏற்ற அதனால் முடியாது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும். அந்தப் பயிற்சியை முறையாகப் படித்துவிட்டு வந்து சொல்லிக் கொடுக்கிறவர் பிசியோதெரபிஸ்ட். நம் தமிழில் இயன்முறை மருத்துவர்.

"என்ன டாக்டர், சித்த வைத்தியரான நீங்களே பிசியோதெரபிக்கு வக்காலத்து வாங்கறீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். வாங்கத்தான் செய்கிறேன். காரணத்தையும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆசான் என்ன செய்தார்?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, புற மருத்துவம் 32 வகை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது என்று போகும் அந்த வரிசையில் ஒன்று தொக்கணம். மர்த்தனம், மசாஜ் என்று சொல்கிறோமே, அதுதான். அந்தத் தொக்கணத்திலேயே 9 வகை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கொஞ்சம் கவனியுங்கள். இவற்றில் எண்ணெயைத் தடவுவது என்று ஒரு வகையே இல்லை! எல்லாமே மூட்டையும் தசையையும் வேலை வாங்குகிற செயல்கள். அசைக்க வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது.

கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிமுறையும் சிலம்பமும் சொல்லிக் கொடுத்தவரே, அடிபட்டவனுக்கு வைத்தியமும் பார்த்தார். தடவிக் கட்டுப் போட்டு, கஷாயம் கொடுத்து அனுப்பியதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் பையன் மறுபடி களத்தில் இறங்கிக் கம்பு சுற்ற வேண்டுமே! அவனைப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டு வருகிற பொறுப்பும் அதே ஆசானுக்குத்தான். வைத்தியமும் பயிற்சியும் ஒரே ஆளிடம் இருந்தன.

இன்றைக்கு என்ன ஆகிவிட்டது? வைத்தியம் ஓர் இடத்தில், பயிற்சி வேறோர் இடத்தில். நாமோ முதல் இடத்தோடு திரும்பி விடுகிறோம். "வலி விட்டுருச்சு டாக்டர், இனி எதுக்கு எக்ஸர்சைஸ்?" என்று கேட்கிறோம். வலி விட்டுப் போன அந்த நாளில்தான் உண்மையான வைத்தியமே ஆரம்பமாகிறது என்பது என் கட்சி.

மூட்டுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது?

முழங்காலை எடுத்துக் கொள்வோம். சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்று சொல்வதும், ஆங்கில மருத்துவத்தில் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றேதான். வீட்டில் நாம் சொல்வது 'தேய்மானம்'.

இந்தத் 'தேய்மானம்' என்ற வார்த்தை செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல! தேய்ந்து போச்சு என்று கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? செருப்பு தேய்கிற மாதிரி, சைக்கிள் டயர் தேய்கிற மாதிரி, நடக்க நடக்க இன்னும் தேயும் என்றுதானே? அதனால் நடையைக் குறைத்து, மாடிப்படி ஏறாமல் உட்கார்ந்து விடுகிறோம்.

உண்மை வேறு மாதிரி. எலும்பின் நுனியில் மெத்தை போல இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான திரவம்தான் அதற்குச் சாப்பாடு. ஸ்பான்ஜை அழுத்தி அழுத்தி விட்டால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வருகிறதே, அதுபோல் மூட்டை மடக்கி நீட்டி, பாரம் கொடுத்து எடுத்தால்தான் அந்தத் திரவம் உள்ளே போகும். அசைக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது!

இன்னொன்று, தொடையின் முன்பக்கத் தசை. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் வருகிற அதிர்ச்சியை முதலில் வாங்கிக் கொள்வது அதுதான். வலிக்கிறது என்று காலுக்கு ஓய்வு கொடுக்கிறீர்கள். இரண்டே வாரத்தில் அந்தத் தசை மெலிய ஆரம்பிக்கிறது. தசை மெலிந்தால் அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகிறது. மூட்டு இன்னும் வலிக்கிறது. இன்னும் ஓய்வு... இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, ஒரு நாள் பாத்ரூமுக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டியதாகி விடுகிறது. இதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

எக்ஸ்ரேயைப் பார்த்தும் பயந்துவிட வேண்டாம். படத்தில் நன்றாகத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் சுமாராக இருந்தும் வலியால் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி முளைக்க வைக்கிற மாத்திரையோ எண்ணெயோ இதுவரை கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள், அவர் எந்த வைத்தியத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி! தசையையோ 70 வயதிலும் பலப்படுத்தலாம்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு வருகிற பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 5 கிலோ குறைத்தால் எவ்வளவு லாபம் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

'கரண்ட்' மட்டும் வைத்தால் போதுமா?

இப்போது என் அடுத்த குறைக்கு வருகிறேன். இது பிசியோதெரபி நண்பர்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம்.

"பிசியோதெரபிக்குப் போயிட்டு வந்தேன்" என்று சொல்கிறவர்களிடம், "அங்கே என்ன செய்தார்கள்?" என்று கேட்டால், "பத்து நாள் கரண்ட் வச்சாங்க" என்கிறார்கள். மெஷினை மூட்டில் ஒட்டி 15 நிமிடம் படுக்க வைத்து, பிறகு ஒரு தாளில் நாலு படம் போட்ட பயிற்சியைக் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக் கொண்டிருக்கும். அல்லது மளிகைச் சிட்டைக்குப் பின்னால் கிடக்கும்!

பிரிட்டனில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டுகிற 'நைஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு அது 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எல்லா நோயாளிகளுக்கும் அவரவர் நிலைக்கேற்ற தசைப் பயிற்சி கொடுக்க வேண்டும், எடை அதிகமானால் குறைக்க உதவ வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அல்ட்ராசவுண்டு, ஐ.எஃப்.டி., டென்ஸ், லேசர் போன்ற மின் சிகிச்சைகளை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. பலன் இருப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே காரணம்.

கையால் தடவி, அசைத்துக் கொடுக்கிற சிகிச்சையை என்ன சொன்னார்கள் தெரியுமா? இடுப்பு, முழங்கால் மூட்டுக்கு அதைக் கொடுப்பதாக இருந்தால், பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்! நான் செய்கிற தொக்கணத்துக்கும் இதே நியாயம்தான் என்று நினைக்கிறேன். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்ததும் உடம்பு இளகி, வலி கொஞ்சம் அடங்கியிருக்கும். அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்காமல் பயிற்சிக்குப் பயன்படுத்திக் கொள்ள வேண்டும்.

ஆகவே பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "எந்தத் தசைக்குப் பலம் குறைந்திருக்கிறது? நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி எது? எப்போது அதைக் கூட்ட வேண்டும்?" இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லி, உங்களைச் செய்யச் சொல்லிப் பார்த்துத் திருத்துகிறவர் நல்ல பிசியோதெரபிஸ்ட். அவரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய நாலு பயிற்சி

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குப் பொதுவாகச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சிகளில் நாலைச் சொல்கிறேன். முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்டோ டாக்டரோ பார்க்கச் செய்து பழகுங்கள்.

ஒன்று. காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடைத் தசை இறுகுவது தெரியும். 5 எண்ணும் வரை அப்படியே வைத்து, விடுங்கள். 10 தடவை.

இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை மெதுவாக நேரே நீட்டி, 5 எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 10 தடவை. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சுலபமாகி விட்டால், அரை கிலோ பருப்பைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக் கொண்டு செய்யலாம்.

மூன்று. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 8 அல்லது 10 தடவை. கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக் கொள்ளுங்கள்.

நான்கு. சுவரைப் பிடித்தபடி நின்று, இரண்டு குதிகாலையும் உயர்த்தி இறக்குங்கள். 10 தடவை.

மொத்தமே 20 நிமிடம்தான். "செய்தால் வலிக்குதே டாக்டர்?" என்று அடுத்த வாரமே வந்து நிற்பார்கள். வலிக்கலாம். 10 மார்க்குக்கு 3, 4 மார்க் வலி வந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. தொடருங்கள். அதற்கு மேல் வலித்தாலோ மூட்டு வீங்கினாலோ அளவைப் பாதியாகக் குறையுங்கள். முழுக்க நிறுத்திவிட வேண்டாம். பலன் தெரிய குறைந்தது 6 வாரம், சரியாகச் சொன்னால் 12 வாரம் ஆகும். பத்து நாளில் தசை வளர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது!

தோள்பட்டைக்கும் இதே கதைதான். கும்பவாதம் என்று நாங்கள் சொல்கிற 'ஃப்ரோசன் ஷோல்டர்' சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருகிறது. கையைத் தூக்க முடியவில்லை என்று அசைக்காமலே விட்டால், அது இன்னும் இறுகிப் போகும். முதலில் கடும் வலியுள்ள நாட்களில் மெதுவாக, கையைத் தொங்கவிட்டு ஆட்டுவதோடு நிறுத்திக் கொள்ளலாம். பிறகு விரல்களால் சுவரில் ஏறுவது போன்ற பயிற்சிகள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம்.

அம்மாவுக்கு அந்த 20 நிமிடத்தை யார் தருவது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த வலியோடு வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். 50 வயதைத் தாண்டிய அம்மாக்கள். மகன் காரில் கூட்டி வருகிறார். ஸ்கேன் வேண்டுமா, எடுத்து விடலாம் என்கிறார். எவ்வளவு விலையானாலும் தைலம் வாங்கத் தயார். பாசத்தில் குறையே இல்லை.

ஆனால் அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "காலையில அஞ்சரைக்கு எழுந்தா டிபன், டிபன் பாக்ஸ், பேரப்பிள்ளை ஸ்கூலு... பத்து மணிக்குத்தான் உட்காருதேன். அப்போ இடுப்பே ஒடிஞ்சு போவுது. எக்ஸர்சைஸ் எங்கே ஐயா செய்ய?"

"நாள் முழுக்க வேலைதானே செய்யறாங்க, அதுவே எக்ஸர்சைஸ்தானே?" என்று வீட்டு ஆண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இல்லை ஐயா! அடுப்படியில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது மூட்டுக்குச் சுமை. தொடைத் தசைக்கு அதனால் பலம் ஏறுவதில்லை. பயிற்சி என்பது கணக்காக, ஓய்வு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொண்டு போவது. வேலையால் களைத்த காலுக்கு அது ஈடாகாது.

ஆகவே, அம்மாவுக்குத் தைலம் வாங்கித் தருகிற பிள்ளைகளே, மருமகள்களே, கணவன்மார்களே! தினம் 20 நிமிடம் அவரை அடுப்படியிலிருந்து விடுவித்து விடுங்கள். அந்த நேரத்தில் குக்கரை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நீங்களும் கூட உட்கார்ந்து செய்யுங்கள். என் மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து இது. ஆனால் இது இல்லாமல் மற்ற மருந்துகள் சரிவர வேலை செய்வதில்லை.

கிளினிக் வரை போக முடியாத பெரியவர்களுக்கு என்ன வழி? 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதையும் சேர்த்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் போலப் பயிற்சியும் வீடு தேடி வர வேண்டிய மருந்துதான் என்று ஓர் அரசுத் திட்டம் ஏற்றுக் கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சுளுக்கை உருவி விடாதீர்கள்!

இனி பிள்ளைகள் விஷயம். எங்கள் பக்கத்தில் கிராமத்துக்குக் கிராமம் கபடி. கோவில்பட்டி பக்கம் போனால் ஹாக்கி. பள்ளிக்கூடத்தில் வாலிபால், கால்பந்து. அடிபடாமல் விளையாட்டு ஏது?

கணுக்கால் பிசகினால் நம் ஊர் வழக்கம் என்ன? உடனே எண்ணெயைச் சுட வைத்து, சூடு பறக்க உருவி விடுவது! தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிசகிய இடத்தில் ஜவ்வு கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்து கொண்டிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் அதைத் தேய்ப்பதும் சூடு கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். ஒரு சித்த வைத்தியன் சொல்கிறேன், அந்த நாட்களில் எந்தத் தைலமும் வேண்டாம்.

ஐஸ் வைக்கலாமா? 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர்தான் 'ரைஸ்' என்ற முறையைப் பிரபலமாக்கினார். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலும் சேர்ந்தது அது. பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக் கொண்டார். ஆகவே வலி தாங்காவிட்டால் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைக்கலாம். நாள் முழுக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலை உயர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, வலி அனுமதிக்கிற அளவுக்கு ஊன்றி நடக்க ஆரம்பிக்கலாம்.

அடிபட்டவுடன் நாலு அடி ஊன்றி நடக்கவே முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேல் விரலை வைத்தால் துள்ளி விழும்படி வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் கட்டு, பற்று, மற்றதெல்லாம்.

ஒரு தடவை பிசகிய கணுக்கால் மறுபடி மறுபடி பிசகுவதைப் பார்த்திருப்பீர்கள். "கால் ராசி அப்படி" என்பார்கள். ராசி ஒன்றுமில்லை! ஒற்றைக் காலில் நின்று தடுமாறாமல் இருக்கிற சக்தியை அந்தக் கணுக்கால் இழந்திருக்கிறது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகச் சொல்கிறார்களே பிசியோதெரபிஸ்டுகள், விளையாட்டுக்காகச் சொல்லவில்லை.

முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம், ஓரிரு மணி நேரத்தில் பெரிய வீக்கம், பிறகு நடக்கும்போது கால் நழுவுகிற மாதிரி ஓர் உணர்வு... இப்படி இருந்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏ.சி.எல். என்கிற ஜவ்வு அறுந்திருக்கலாம். வீரர்களைவிட வீராங்கனைகளுக்கு இது அதிகம் நேர்கிறது. ஆபரேஷன் செய்து கொண்டாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, பல மாதப் பயிற்சி இல்லாமல் களத்துக்குத் திரும்பக் கூடாது. 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி அடிபடுகிற வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது தெரிய வந்தது. "அடுத்த மாசம் டோர்னமெண்ட்" என்று அவசரப்படுத்துகிற கோச்சுகள் இதை யோசிக்க வேண்டும்.

பெண் பிள்ளைக்கு இப்படி அடிபட்டால் நம் வீடுகளில் நடப்பது வேறு. "போதும்மா உன் விளையாட்டு. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். வலி போகும்வரை வைத்தியம், அப்புறம் ஷூவைத் தூக்கிப் பரணில் போடு! பயிற்சியும் கிடையாது. 18 வயதில் பலமிழந்த அந்தத் தொடையோடு அவள் பிள்ளை சுமக்க வேண்டும், மாடி ஏற வேண்டும், 50 வயதில் என்னைப் போன்ற ஒருவரிடம் தைலம் கேட்டு வர வேண்டும். ஜவ்வு அறுந்த முழங்காலுக்குத் தேய்மானமும் சீக்கிரமே வருகிறது. விளையாட விடுவதும் விடாததும் அப்புறம் இருக்கட்டும். அந்தக் காலைப் பழைய பலத்துக்குக் கொண்டு வருகிற வைத்தியத்தையாவது பாதியில் நிறுத்தாதீர்கள்.

வருமுன் காக்கவும் வழி இருக்கிறது. கால்பந்துக்காரர்களுக்கென்று 'ஃபிஃபா 11+' என்ற 20 நிமிடத் தயார்ப் பயிற்சி உண்டு. ஓட்டம், தொடைப் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்பது, சரியாகக் குதித்து இறங்குவது, அவ்வளவுதான். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. மெஷினும் வேண்டாம், செலவும் இல்லை. பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரிடம் கடன் கொடுக்காமல் இருந்தாலே போதும்!

வேலூர் சொன்ன பாடம்

வைத்தியம் பார்க்கிற எங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1954-ல் நடந்த ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். மடங்கிப் போன விரல்களுக்காகத் தசைநாணை இடம் மாற்றித் தைக்கிற ஆபரேஷன் அது. கத்தி வேலை முடிந்ததும் கை தானாக வேலை செய்துவிடாது. இடம் மாறிய தசைக்கு அதன் புது வேலையைப் பயிற்சியால் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிற்பாடு அந்த அம்மையார் மறுவாழ்வு மருத்துவத்தையே தன் துறையாக எடுத்துக் கொண்டார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது.

கத்தி பிடித்த டாக்டருக்கே பயிற்சி தேவைப்பட்டது என்றால், தைலம் கொடுக்கிற நமக்குத் தேவைப்படாதா? சித்த வைத்திய நண்பர்கள் மூட்டு நோய்க்கு மருந்துச் சீட்டு எழுதும்போது கடைசி வரியில் "பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்" என்று எழுதிப் பழக வேண்டும். பிசியோதெரபி நண்பர்களும் நோயாளி சாப்பிடுகிற மருந்து, பூசுகிற எண்ணெய் என்ன என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். பெயரும் சேர்மானமும் எழுதாத 'மூட்டுவலிப் பொடி' என்று எது கண்ணில் பட்டாலும் இருவருமே தடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எப்போது பயிற்சியைத் தள்ளி வைத்து, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்? மூட்டு சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சல் அடித்தால்... முதுகு வலியோடு கால் மரத்து, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினால்... ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால்... ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலியோடு எடையும் குறைந்தால்... குழந்தை காரணமில்லாமல் நொண்டினால்... இவற்றில் எதுவானாலும் தைலமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேய்மானம் முற்றிப்போய் மூட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி என்று சொன்னால் அதற்கும் பயப்படத் தேவையில்லை. ஆனால் அங்கேயும் ஆபரேஷன் முடிந்த மறுநாளே, சில சமயம் அன்றே, எழுப்பி நடக்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். பயிற்சியிலிருந்து தப்பிக்க ஆபரேஷன் வழியல்ல!

தைலம் வேண்டுமென்று கேளுங்கள், தாராளமாகத் தருகிறேன். ஆனால் அதோடு ஒரு நாற்காலி, ஒரு துண்டு, தினம் 20 நிமிடம், 12 வாரப் பொறுமை... இந்த நாலையும் நீங்கள் தயார் செய்து கொள்ளுங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் பேசி ஒரு நேரத்தைக் குறித்து விடுங்கள். காலையா, மாலையா என்பது உங்கள் இஷ்டம். நாளை ஆரம்பித்தால் 12 வாரத்தில் மாடிப்படியே உங்களுக்குப் பதில் சொல்லும்.